ஒரு லீற்றர், நாற்பது கிலோமீற்றர்

2025 ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து, பின்கொட்டிலில் கிடந்த சைக்கிளை வெளியே எடுத்தேன். மூன்று வருடத் தூசி. இரண்டு சில்லிலும் காற்றில்லை. சீட்டில் கோழி எச்சம். நுஸ்ரத் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன, சீனி கூடிட்டுதோ?" என்றாள். ஓம் என்றேன். பொய்யில்லை. போன மாதம் கிளினிக்கில் 212. ஆனால் அதற்காக எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 28 எங்கள் இருவருக்கும் மக்காவுக்கு உம்றாப் பயணம். அதற்கு முன் இந்தச் சைக்கிளில் கல்முனையிலிருந்து வினாயகபுரம் போக வேண்டும். நாற்பது கிலோமீற்றர். ஐம்பத்திரண்டு வயதில் நான் சைக்கிளில் போன ஆகக் கூடிய தூரம் காரைதீவுச் சந்தி, அதுவும் படிக்கிற காலத்தில்.

ஏன் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பயணம் போக முன் எல்லோரிடமும் மாப்புக் கேட்க வேண்டுமே, அதற்கு நுஸ்ரத் சீ.ஆர். கொப்பியில் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். நாற்பத்து மூன்று பேர். அவளுடைய மாமி ஆசியா உம்மா முதலாவது. பழைய வேலிச் சண்டை. என் பங்குக்கு வந்த இருபது பேரில் பதினொரு பேருக்கு இன்று போன் எடுத்தேன். "தெரிஞ்சும் தெரியாமலும் பிழை விட்டிருந்தா மாப்புச் செய்யுங்க." "நாங்களும்தான். எங்களுக்கும் துஆ செய்யுங்க." ஆளுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

கொப்பியில் சுஜிந்தனின் பெயர் இல்லை. கேட்டேன்.

"அவனுக்கு என்னத்துக்கு? அவனுக்கு நாம உதவிதானே செஞ்ச."

ஜூலை 7, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

சுஜிந்தன் என் கந்தோரில் வேலை செய்தவன். என்னை விடப் பன்னிரண்டு வயது இளமை, அண்ணன் முறையாக நானா என்று கூப்பிடுவான். வினாயகபுரத்துக்காரன். எங்கள் வளவுக்குப் பின்னால் உள்ள அறையில் வாடகைக்கு இருந்தான். 2022 ஜூலை 5, நாட்டில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாத கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு வருகிறேன், படலையில் நிற்கிறான். அம்மாவுக்குக் கடுமை என்று தங்கச்சி போன் எடுத்திருக்கிறாள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. அவனுடைய மோட்டார் சைக்கிள் வெறும் டாங்கியோடு நிற்கிறது.

"நானா, பெற்றோல் கொஞ்சம் இரிக்குமா? ஒரு லீற்றர் எண்டாலும் காணும், போய்ச் சேந்திருவன்."

சாமான் அறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால், கேனில் ஏழு லீற்றர் இருந்தது. இரண்டு நாள் வரிசையில் கிடந்து எடுத்தது.

"வல்லாஹி இல்ல மகன்" என்றேன்.

அல்லாஹ்வின் பெயரால் சொன்னேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு என்ன செய்தேன்? பெரிய மனுசன் மாதிரி, "சைக்கிள் இரிக்கி, கொண்டு போ" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். அவன் ஊர் போய்ச் சேர முன் அம்மா கண்ணை மூடிவிட்டா.

மூன்றாம் நாள் லொறியில் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்தான். கழுவி, எண்ணெய் விட்டு, ஒரு பை முருங்கைக்காயும் தொங்கவிட்டு. அதற்கடுத்த வருடம் திருக்கோவிலுக்கு மாற்றலாகிப் போனான். இன்றைக்கும் பெருநாளுக்குப் பெருநாள் போன் எடுப்பான். "நீங்க சைக்கிள் தந்தத்த மறக்கமாட்டன் நானா."

மூன்று வருடம் அந்த நன்றியை வாங்கி வாங்கி வைத்திருக்கிறேன். வெட்கங்கெட்டவன்.

ஜூலை 9, புதன்

முதல் ஓட்டம். சாய்ந்தமருது வரை. போக வர ஏழு கிலோமீற்றர் இருக்குமா? தொடை விறைத்துப் போயிற்று. கந்தோரில் கதிரையில் இருக்கவும் ஏலவில்லை, எழும்பவும் ஏலவில்லை. சங்கிலி மூன்று தரம் கழன்றது.

ஜூலை 12, சனி

காரைதீவு தாண்டினேன். கச்சான் காற்று வயல் பக்கமிருந்து விலாவில் அடிக்கிறது. சங்கிலி ஐந்து தரம். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

திரும்பி வரும்போது வீட்டைத் தாண்டிப் பாண்டிருப்புக்குப் போய், சைக்கிள் திருத்துகிற வேலப்போடியண்ணனிடம் நிறுத்தினேன். சில்லைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தச் சங்கிலி இப்பத் தேஞ்சதில்ல, தம்பி. நாலஞ்சு வருசத்துக்கு முந்தியே போயிட்டு. இதில ஆர் ஓடின?"

அப்படியானால் அன்றைக்கும் இது கழன்றிருக்கும். அம்மா சாகக் கிடக்க, ரோட்டுக் கரையில் குந்தியிருந்து, இந்தச் சனியனை மாட்டி மாட்டி ஓடியிருப்பான். ஒரு சொல் சொன்னானா? எண்ணெய் விட்டுத் திருப்பித் தந்தான்.

"மாத்தித் தாறன்" என்றார். வேண்டாம் என்றேன்.

"மாத்தாட்டி என்னத்துக்கு இஞ்ச கொண்டந்த நீ?"

காற்று மட்டும் அடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 19, சனி

நிந்தவூர். இடுப்பு.

ஜூலை 25, வெள்ளி

என்னைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்களாம். பள்ளிவாசல் முன்னால் சைக்கிளோடு நிற்கிற படம். "ஐம்பது தாண்டியும் உழைக்கும் உடல். இளைஞர்களுக்கு முன்மாதிரி." முந்நூற்றுச் சொச்சம் லைக். ஜும்ஆவுக்குப் பிறகு நாலு பேர் கைலாகு தந்தார்கள். ஒருவர் தன் மகனை இழுத்து வந்து, "இவரப் பாத்துப் படி" என்றார்.

பூமி பிளந்து உள்ளே போனாலும் காணாது.

ஜூலை 31, வியாழன்

கிளினிக். சீனி 148. நேர்ஸ் மிஸ் சிரித்த முகத்தோடு, "இப்பிடியே செய்ங்க" என்றா. செய்த பாவத்தால் உடம்புக்குச் சுகம். இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

ஓகஸ்ட் 3, ஞாயிறு

சுஜிந்தனுக்குப் போன் எடுத்தேன். எல்லோருக்கும் சொன்னதையே சொன்னேன். தெரிஞ்சும் தெரியாமலும். அவன் சிரித்தான். "என்ன நானா, உங்களில எனக்கென்ன பிழை? நல்லபடியாப் போயிட்டு வாங்க."

போனை வைத்தபோது ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. முடிந்தது, மாப்புக் கிடைத்துவிட்டது என்று மனம் சொல்லிற்று. அந்த ஒரு நொடியை நினைக்கத்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது. தெரியாமல் செய்ததா அது? மூட்டையை நகர்த்தி, கேனை வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி... என்னத்தத் தெரியாமச் செஞ்ச நீ?

அடியானுக்குச் செய்ததை அல்லாஹ் அல்ல, அந்த அடியான்தான் பொறுக்க வேண்டும். கஃபாவைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் இந்தக் கணக்கு அங்கே தீராது.

ஓகஸ்ட் 9, சனி

ஒலுவில் வரை போய்த் திரும்பினேன். களியோடைப் பாலத்தில் பதினைந்து நிமிடம் இருந்து மூச்சு வாங்கினேன்.

பின்னேரம் நுஸ்ரத்திடம் சொல்லிவிட்டேன். பெற்றோல் கேன் இருந்தது அவளுக்குத் தெரியும். அவன் வந்து கேட்டதும் நான் சத்தியம் பண்ணினதும் தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பெற்றோலுக்கு என்ன செஞ்ச நாம?"

அதையும் சொல்ல வேண்டி வந்தது. ஒன்பதாம் நாள், வரிப்பத்தான்சேனையில் கலியாணம். அவளுடைய சாச்சி மகளின் வலீமா. அவள் புதுச் சாரி உடுத்துப் பின்னால் இருந்து வந்தாள். இந்தக் காலத்திலயும் மோட்டார் சைக்கிள்ல வந்திருக்காங்களே என்று எல்லோரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

"அப்ப நானும் அதிலதான் ஏறி வந்த" என்றாள்.

பிறகு கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை உரித்தாள். இஷாவுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் கேட்டாள்.

"மோட்டார் சைக்கிள்ல போனா மாப்புக் கிடைக்காதாமா?"

அவன் போன மாதிரியே போக வேண்டும் என்றேன்.

"இஞ்சாருங்க, நீங்க சைக்கிள் பழகல்ல. நாள் கடத்துறீங்க."

இருபத்தாறு வருடம் கூட இருந்தவள். பிழையாகச் சொல்வாளா? ஒரு மாதமாகச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அடி அடியாக நீட்டிக்கொண்டு இருந்தது காலுக்காக இல்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பயம்.

அடுத்த சனி.

ஓகஸ்ட் 16, சனி

போய் வந்தேன்.

ஐந்தரைக்கு வெளிக்கிட்டேன். அவன் வெளிக்கிட்ட அதே நேரம். நுஸ்ரத் ஒரு போத்தல் தண்ணீரும் நாலு பிஸ்கட்டும் பையில் வைத்தாள். அட்டாளைச்சேனை வரை ஒரு மாதிரி ஓடினேன். அதற்குப் பிறகு கால் என்னுடையதாக இல்லை. அக்கரைப்பற்றுக்கு அப்பால் வெட்டின நெல்லை ரோட்டில் காயப் போட்டிருந்தார்கள், பாதி ரோட்டில்தான் ஓட வேண்டும். பஸ்காரன் ஹோர்ன் அடித்து ஏசிவிட்டுப் போனான். சங்கிலி பதினொரு தரம். தம்பிலுவிலில் ஒரு மதிலோரம் குந்தியிருந்து மாட்டும்போது அழுகை வந்தது. யாருக்காக அழுதேன் என்று தெரியவில்லை, எனக்காகத்தான் இருக்கும்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சுஜிந்தன் வேலியோரம் வலை காயப் போட்டுக்கொண்டு நின்றான். ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தான். "என்ன நானா, உங்களுக்கென்ன விசரா?" என்று சிரித்தான். தங்கச்சி கேதீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "அம்மாட செத்தவீட்டுக்கு அண்ணனுக்குச் சைக்கிள் குடுத்த நானா இவர்தான்" என்று காட்டினாள். சுவரில் அம்மாவின் படம், புதுப் பூமாலையோடு. சீதேவி என்று பெயர் எழுதியிருந்தது. மூன்று வருடம் அந்தப் பெயர் கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அவன் குனிந்து சங்கிலியைப் பார்த்தான்.

"இத இன்னும் மாத்தல்லயா?"

"அண்டைக்கும் கழண்டதா?"

"எத்தினை தரமெண்டு எண்ணல்ல. மறுகா அட்டாளைச்சேனைக்கு அங்கால கன தூரம் உருட்டிக்கிட்டு ஓடின நான்."

கேதீஸ்வரி தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். சொன்னேன். அரிசி மூட்டை, ஏழு லீற்றர், வல்லாஹி, வரிப்பத்தான்சேனைக் கலியாணம், எல்லாம். ஒன்றையும் மெழுகவில்லை. அவனுக்கு இதெல்லாம் முதலே தெரிந்திருக்கும் என்று ஒரு ஆசை எனக்குள் இருந்திருக்கிறது. தெரியாது. முகம் மாறினதைப் பார்த்தேன்.

"நான் ஒரு லீற்றர்தானே கேட்டன்" என்றான்.

சங்கிலி எண்ணெய் படிந்த கையைச் சட்டையில் துடைத்தேன்.

"அம்மா எட்டு மணி மட்டும் என்னக் கேட்டுக்கிட்டே கிடந்தவ. நான் எட்டே முக்காலுக்கு வந்தன். பெற்றோல் இருந்திருந்தா ஏழுக்கு முந்தி வந்திருப்பன்."

"என்ன மன்னிச்சுக்க மகன்."

மாப்பு, பொருத்தம் என்ற சொல்லெல்லாம் அப்போது வாயில் வரவில்லை. அவன் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். கேதீஸ்வரி சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தேன். குடிக்காமல் எப்படி வருவது?

"என்னால இப்ப ஒண்டும் சொல்ல ஏலா நானா. வெயில் ஏறமுன்னம் வெளிக்கிடுங்க."

படலை வரை வந்தான். கையை நீட்டினேன், அவன் காணவில்லை. அல்லது கண்டான்.

திரும்பியும் ஓடி வருவதாகத்தான் நிய்யத்து. அக்கரைப்பற்றோடு கால் விட்டுவிட்டது. ஒரு மீன் லொறிக்காரர் சைக்கிளையும் என்னையும் ஏற்றி வந்தார்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

எழும்ப ஏலவில்லை. நுஸ்ரத் எண்ணெய் தேய்த்தாள்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

அவனிடமிருந்து போன் இல்லை. நானும் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுக்க? உம்றாவை நிறுத்திவிடவா என்று நுஸ்ரத்திடம் கேட்டேன். "போறத நிப்பாட்டினா அந்த மனிசி எழும்பி வருவாவா?" என்றாள். சைக்கிளைக் கொட்டிலில் வைக்க மனமில்லை, முன் மாமரத்தில் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 27, புதன்

நாளை விடிய வான் வரும். காலையிலிருந்து வீடு நிறைய ஆட்கள், ஸலாம், துஆ, பயணச் சோறு. எல்லோரும் எங்களுக்கு மாப்புத் தந்துவிட்டார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு ஆரவாரம் அடங்கிற்று.

படலை திறக்கிற சத்தம். சுஜிந்தன். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். சட்டை நனைந்திருந்தது. மாமரத்தடிச் சைக்கிளை ஒரு தரம் பார்த்தான்.

"நானா, பெற்றோல் முடிஞ்சு போச்சு. ஒரு லீற்றர் இரிக்குமா?"

நுஸ்ரத் திரைக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"இரிக்கி மகன்" என்றேன்.

மூன்று வருடமாக வீட்டில் ஒரு சொட்டும் நான் வைத்ததில்லை. என் மோட்டார் சைக்கிளில் டியூப்பை விட்டு வாயால் உறிஞ்சினேன். ஒரு மிடறு உள்ளே போய்விட்டது. இருமி இருமிச் சோடாப் போத்தலை நிரப்பினேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான், உதவிக்கு வரவில்லை.

போத்தலோடு போய் அவனுடைய டாங்கி மூடியைத் திறந்தேன். வாய் வரை நிறைந்திருந்தது.

அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஊத்துங்க நானா" என்றான்.

ஊற்றினேன். பெற்றோல் விளிம்பில் வழிந்து, டாங்கியால் இறங்கி, அவன் காலடி மணலில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. அவன் மணலில் ஈரம் பரவுவதைப் பார்த்தான். பிறகு போத்தலைப் பிடித்திருந்த என் கைக்கு மேலே கையை வைத்தான்.

"காணும் நானா" என்றான்.