அறிவிக்காத பெட்டிக்குள் வந்த குருவி

அன்பு வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. இதைக் கொண்டுவந்து கொடுத்த உன் மாமா, நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலிலேயே நிற்பார், நீ கடைசி வரி வரை படித்து முடிக்காமல் நகரமாட்டார். அவரைக் குடையாதே, அவருக்குப் பாதிதான் தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அது ஒன்று. இன்னொன்று, சொன்ன கையோடு கிளம்பிப் போய் நீ அங்கே ஒளித்திருக்கும் பெட்டியைத் திறந்து பார்ப்பாய். உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா.

இங்கே தையல் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, சீருடைக்கு ஓரம் மடித்து மடித்து விரல் நுனி மரத்துப்போய்விட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பஸ் ஓட்டிய காலத்தில் மிதித்த பிரேக்கெல்லாம் இப்போது திருப்பி மிதிக்கிறது என்று அவரே சிரித்துக்கொள்வார். இப்போது சில நாளாகச் சிரிப்பதில்லை. சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

நீ கிளம்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே ஒரு ஜியோகேச்சிங் பெட்டி, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். போனில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த ஆட்கள் புதருக்குள் தவழ்ந்து டப்பா தேடுவது ஒரு விளையாட்டு என்று நீ சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டவள் நான். ஆனாலும் நீ சொன்னபடி பம்ப் ஹவுஸ் சுவரில் பெயர்ந்த கல்லுக்குப் பின்னால் அது நனையாமல் இருக்கிறதா, உள்ளே பென்சில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியாள் கண்ணில் படக் கூடாது என்றாயே, அதற்காகச் செருப்பு வார் அறுந்த மாதிரி அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து, எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் ஒரு நாள், ஏம்மா அந்தச் செருப்பு இந்த ஜென்மத்துல சரியாகுமா, புதுசு வாங்கிக்கக் கூடாதா என்றே கேட்டுவிட்டார். போகப் போக எனக்கே பிடித்துவிட்டது, அதை உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும், எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே திரும்ப வைக்க வேண்டும், அடுத்தவன் தேடுகிற சுகத்தைக் கெடுக்கக் கூடாது, இந்த ஒழுங்கெல்லாம் எனக்குப் பிடித்தது. முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதை செய்கிறார்களே என்று இருந்தது. அதனால் உன்னிடம் சொல்லாமல் நானும் ஒன்று வைத்தேன், உன் பழைய நீலப் பாவாடைத் துணியில் ஒரு குருவி. கறுப்புப் பொத்தான் ஒன்றுதான் இருந்தது, இன்னொரு கண்ணுக்குச் சிவப்பு வைத்துத் தைத்தேன்.

அதை எடுத்தவனை உன் அப்பா பார்த்திருக்கிறார். நான் கடையில் இருந்தேன், அவர் நடைக்குப் போனவர் பெட்டியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருக்கிறார். அங்கே ஒருவன், நல்ல ஷூ, காதில் பென்சில், குருவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றானாம். அப்பா அவசரத்தில் கல்லைத் தலைகீழாகச் செருகியதைப் பார்த்து, சார், பாசி பிடிச்ச பக்கம் வெளியே இருக்கணும், இல்லேன்னா கண்டுபிடிச்சுடுவாங்க என்று பணிவாகச் சொல்லி அவனே சரியாக வைத்தானாம். உன் அப்பாவுக்கு அது போதும், குளிர்ந்துபோய்விட்டார். நம்ம பொண்ணு மாதிரியே ஒழுங்கான ஆளு என்று வந்து என்னிடம் சொன்னார். இந்தப் பெட்டியை வைத்தது யார் என்று அவன் கேட்க, என் மகள்தான் என்று இவர் நெஞ்சை நிமிர்த்த, இப்போது எங்கே இருக்கிறாள் என்று அவன் கேட்க, ஊரையும் சொல்லி கண்ணாடிக் கடையையும் சொல்லிவிட்டார். போகும்போது அவன், கையில ஈடா வைக்க ஒண்ணும் இல்ல சார், கடனா இருக்கட்டும், கண்டிப்பா வந்து வைக்கிறேன் என்றானாம். பெட்டிக்குள் கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதுகிற பேப்பரில் பின்னிருக்கை என்று தன் விளையாட்டுப் பெயரை எழுதியிருந்தான். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

பிறகுதான் நீ போன் பண்ணினாய். அம்மா, என் பழைய பாவாடைத் துணி, இது நீ தைச்ச குருவியேதான்மா, ஒரு கண்ணு சிவப்பு, பெட்டிக்குப் பெட்டி மாறி இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கு பாரு என்று குதித்தாய். நீ அங்கே புதிதாக ஒளித்த பெட்டியில் இருந்தது என்றாய், என் அறை ஜன்னலில் தொங்க விட்டிருக்கிறேன், தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிறது என்றாய். உன் சந்தோஷத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன், பாதித் தையலில் கால் நின்றுவிட்டது. அந்தப் பெட்டியை நீ இன்னும் விளையாடுகிறவர்களுக்கு அறிவிக்கவே இல்லையே. சரிபார்க்கிறவர்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை, புள்ளி யாருக்கும் தெரியாது, யார் முதலில் கண்டுபிடிக்கப் போகிறார்களோ என்று நீதானே அதே போனில் சொன்னாய். யாருக்கும் தெரியாத பெட்டிக்குள் என் குருவி எப்படி வரும்? நீ ஒளித்து வைப்பதை நின்று பார்த்தவன் வைத்தால்தான் வரும்.

உடனே உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா. வழியில போறவங்க யாராவது பாத்திருப்பாங்கம்மா, நீ சும்மா கிடந்து பதறாதே என்று வைத்துவிட்டாய். வழியில் போகிறவனிடம் என் குருவி எப்படி இருக்கும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் கடையில் ஆள் வந்துவிட்டார்கள் என்றாய். சரி, நான்தான் கோட்டி பிடித்து அலைகிறேனோ என்று இரண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நேற்று மனசு கேட்காமல் நானும் அப்பாவும் பம்ப் ஹவுஸுக்குப் போனோம். கல் சரியாக இருந்தது, பாசி பிடித்த பக்கம் வெளியே. பெட்டிக்குள் சின்னதாக மடித்த துணி ஒன்று இருந்தது, கண்ணாடி துடைக்கிற துணி, மூலையில் உங்கள் கடையின் பெயர். கடனைத் தீர்த்துவிட்டான். உன் முன்னால் வந்து நின்றிருக்கிறான், நீயே உன் கையால் அதைக் கொடுத்திருப்பாய், வாங்க சார் என்று சிரித்தும் இருப்பாய். அப்பா அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். பெட்டியில துணி வைக்கிறது குற்றமாம்மா என்றார் அங்கே இருந்தவர். அவரைச் சொல்லியும் பயனில்லை, நான் சொல்லும்போது எனக்கே அது ஒன்றுமில்லாத மாதிரிதான் கேட்டது. அதுதான் எனக்குப் பயமே. அந்த ஆள் ஒரு விதியையும் மீறவில்லை. எடுத்ததற்கு ஈடு வைத்திருக்கிறான், வைத்த இடத்தைக் கலைக்கவில்லை, ஒளித்ததை யாருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை அத்தனையும் தெரிந்தவன். தேடுகிறதைத்தான் மாற்றிக்கொண்டுவிட்டான். புள்ளி கிடைத்துவிட்டது, எந்த ஜன்னல் என்பதும் இப்போது தெரியும்.

அப்பாவைத் திட்டாதே. நான் திட்டிய திட்டே அவருக்கு ஆயுசுக்கும் போதும். நீ எங்கே எப்போது நடக்கப் போகிறாய் என்று போனில் அந்த விளையாட்டுக்காரர்களின் பக்கத்தில் எழுதுவதை இன்றோடு நிறுத்து, ஏன் நிறுத்தினேன் என்றும் எழுதாதே. கடை முதலாளியம்மாவிடம் மட்டும் விவரம் சொல்லு, துணி வாங்கிப்போன ஆளின் முகம் கடைக் கேமராவில் இருக்கும், அதை வாங்கிவைக்கச் சொல்லு. பிறகு மாமாவோடு அப்படியே கிளம்பிவிடு. மாற்றுத்துணி இங்கே தைத்து வைத்திருக்கிறேன், அளவு எனக்குத் தெரியாதா. மாமா வழியில் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார், அவருக்கு முதலில் ஏதாவது வாங்கிக் கொடு. என் உயிரே, உனக்கு ஒரு கீறலும் படாமல் நீ வாசலில் வந்து நிற்க வேண்டும், வேறு வரம் எனக்கு வேண்டாம். உன் அப்பாவின் ஆசியும் இதில் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடாதே. அறைக்குப் போகாதே, குருவியை எடுக்கலாம் என்றுகூடப் போகாதே. அது ஜன்னலில் தொங்கும் வரை நீ உள்ளே இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அது அங்கேயே தொங்கட்டும், நீ வந்துவிடு.

வழி பார்த்து உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா