கிரகணத்தன்று நறுக்கிய சுரைக்காய்

கிழக்குத் தாம்பரம்
16-5-96

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நாக்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடியில்லாமல் இருக்க அம்மன் துணையிருக்கட்டும். உன் கடிதம் கிடைத்தது. உதட்டு ஆபரேஷனுக்குக் கூட்டிவரும்போது உன்னையும் பிள்ளையையும் ஒரேயடியாகத் தாம்பரத்திலேயே விட்டுவிட்டு வரச்சொல்லி உன் மாமியார் மாப்பிள்ளைக்கு எழுதியிருக்கிறாள் என்று படித்தேன். தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணத்தில் நீ சுரைக்காய் நறுக்கினாயாம், அதனால்தான் பிள்ளை உதடு பிளந்து பிறந்ததாம், முடிச்சூர் முழுக்க இதையே சொல்லித் திரிகிறாள்.

நான் சும்மா இருப்பேனா, டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். உதடு இரண்டாம் மாதத்திலேயே கூடிவிடும், அண்ணம் மூன்றாம் மாதத்தில், கிரகணத்தன்று உங்க பொண்ணுக்கு ஆறாம் மாசம், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார். சில குடும்பங்களில் ரத்தத்தோடு வருமாம், வலிப்பு மாத்திரை, சிகரெட் புகை, சத்துக் குறைவு இப்படிப் பலதும் சேருமாம், இன்னார்தான் காரணம் என்று கைகாட்ட முடியாதாம். அவரால் முடியாது, என்னால் முடியும். இரண்டு வீட்டிலும் யாருக்காவது இருந்ததா என்று பிரசவத்தின்போதே கேட்டார்களே, எங்க வம்சத்துல அந்தப் பேச்சே கெடையாது என்று உன் மாமியார் அடித்துச் சொன்னாள் அல்லவா.

போன ஞாயிறு முடிச்சூரில் உன் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தது உன் மாமனாரின் அக்கா, அனகாபுத்தூர் அஞ்சம்மாள். கள்ளமில்லாத மனுஷி, பேரனை நினைத்து என் கண் கலங்கியதும் ஆறுதல் சொன்னாள். இதுக்குப் போயி அழுதுகினு கீறியேம்மா, எந்தம்பிக்கும் ஒதடு இப்டித்தான் கீஞ்சி இருந்திச்சி, சின்னதுலயே தெச்சிட்டாங்க, மீசை வெச்சப்புறம் யாருக்குத் தெரியுது என்றாள். இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், வீடியோக்காரன் லைட்டைப் பிடித்திருந்தான். சம்பந்தியம்மா, உங்க மாமியார் எந்தக் கிரகணத்துல என்ன காய் நறுக்கினாங்க என்று சத்தமாகவே கேட்டேன். உன் மாமியார் முகம் செத்துப்போனது. உன் மாமனாரின் கை தானாக மீசைக்குப் போனது. பாவம், உதட்டுக்கு அவர் என்ன செய்வார், ஆனால் இத்தனை மாதம் உன்னைத் திட்டும்போது தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தாரே, அதற்கு வேண்டும். அப்பா என்னைக் கோபித்துக்கொண்டார். எனக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பேரனை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையிலேயே புகட்டு, பத்து பவுண்டு ஏறினால்தான் ஆபரேஷன். பிள்ளை பக்கத்தில் சிகரெட் கூடாது என்று மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல். திரும்பிப் போக உனக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கச் சொல், இல்லையென்றால் நான் மறுபடியும் முடிச்சூர் போவேன் என்றும் சொல்.

மூவரும் நூறு வயது வாழ ஆசீர்வாதம். ஒன்று மறந்துவிடாதே. முதல் பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது அவர்கள் வழக்கம், இவனுக்கு வேண்டாம் என்று உன் மாமனார் தடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பேர் கேட்டால் தாத்தா பேரையே, தட்சிணாமூர்த்தி என்றே எழுது. உன் மாமியார் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள். அவள் சாகும்வரை பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் தவிக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
காந்திமதி