புகார் ஏதுமில்லை என்று எழுதியவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாகவே இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்குகிறது. சலவைக்கடையில் என்னை இஸ்திரி மேசையிலிருந்து துணி மடிக்கிற மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள், கால்வலிக்குக் கொஞ்சம் தேவலை. மாடிப்படி விளக்கு இன்னும் எரியவில்லை, வீட்டுக்காரர் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார். உன் தம்பியைச் சனிக்கிழமை போய்ப் பார்த்தோம், கொஞ்சம் இளைத்திருக்கிறான், மற்றபடி சுகம். வழக்கு அடுத்த மாதம் வந்துவிடும் என்கிறார் வக்கீல், அவருக்கு இரண்டு வருஷமாக எல்லா மாதமும் அடுத்த மாதம்தான். நீ அதை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, கூட வேலை செய்கிற யாரையாவது சேர்த்துக்கொள். கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள், ஆஸ்பத்திரி ஏசி உனக்கு ஆகாது.

அக்கா, அம்மா சொன்னது இவ்வளவுதான். இனி எழுதுவது நான். அம்மா தூங்கிவிட்டாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன், அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே கை நின்றுவிடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சிறை வாசலில் ஒரு பதிவேடு இருக்கிறது என்று உனக்கு நாங்கள் எழுதியதே இல்லை. உள்ளே போவதற்கு முன்னால் நம் பெயர், உள்ளே யாரைப் பார்க்க வந்தோமோ அவர் பெயர், உறவு எல்லாம் அதில் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘புகார்’ என்று இருக்கும். வரிசையில் நிற்கிற முக்கால்வாசிப் பேருக்கு எழுதத் தெரியாது, அதனால் முதல் மாதத்திலிருந்தே நான்தான் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறேன். என்னைப் பார்த்தாலே, எழுத்துக்காரி வந்துட்டா, வழி விடுங்கடி என்று தையல்கார அக்கா சத்தம் போடுவார், எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் ‘புகார் ஏதுமில்லை’ என்றே எழுதுவேன். அப்படி எழுதினால்தான் வரிசை சீக்கிரம் நகரும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மேசையில் இருக்கிற காவலர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, புகார் எழுதுறதுன்னா தாராளமா எழுதும்மா, விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் மனு நிறுத்திடுவோம், அவ்வளவுதான் என்றார். மனு என்றால் உள்ளே போய்ப் பார்க்கிற அனுமதி, அதை நிறுத்தினால் அண்ணனைப் பார்க்க முடியாது. அன்றிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை நான் யோசிக்காமலே எழுதப் பழகிவிட்டேன்.

வரிசையில் ஒரு பூட்டுக்காரர் வருவார், பஸ் நிலையத்துக்கு எதிரே பெட்டி வைத்துச் சாவி செய்கிறவர். ஊர்ப் பூட்டையெல்லாம் தொறக்குறேன், இந்த ஒரு பூட்டு மட்டும் எனக்கு மசிய மாட்டேங்குது என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். அவருடைய மகனும் நம் அண்ணன் மாதிரிதான், வழக்கு தொடங்காமலே உள்ளே இருந்தான். அவனுக்கு இளைப்பு. போன மாதம் அவர் என் பக்கத்தில் குனிந்து, இன்ஹேலரை வாசல்லயே பிடுங்கி வச்சுக்குறாங்க கண்ணு, ராத்திரி மூச்சு முட்டினா கதவத் தட்டிக்கிட்டே கெடக்கானாம், அத அந்தக் கட்டத்துல எழுதிடு என்றார். நான் பேனாவை எடுத்தேன். காவலர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. புகார் ஏதுமில்லை என்று எழுதினேன் அக்கா. எழுதிட்டியா கண்ணு என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அவர் அதன் பக்கத்தில் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு, நீ நல்லா இருக்கணும் என்று என் தலையைத் தொட்டார்.

பதினோரு நாள் கழித்து பூட்டுக்காரர் மகன் செத்துப்போனான். இளைப்புதான். அம்மா உனக்கு இதை எழுத வேண்டாம் என்றுதான் தம்பி சுகம் என்று சொல்லி முடித்துவிட்டாள். மகனுக்கு நோய் இருப்பதாக யாரும் சொல்லவில்லை, இதோ உங்கள் கைநாட்டு என்று சிறையில் அவரிடம் பதிவேட்டைக் காட்டினார்களாம். நேற்று பூட்டுக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தது. நீ எழுதுனத எவனோ மாத்திட்டான் கண்ணு, நீதிபதி விசாரிக்க வர்றாராம், புகார்தான் எழுதுனேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும் என்றார். அம்மா உடனே, சின்னப் பொண்ணு, அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுண்ணே, எங்க பிள்ளையும் உள்ள இருக்கான் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் நான்காம் தேதி விசாரணை. வரிசையில் நிற்பவர்களில் ஒன்பது பேர் அன்றைக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தையல்கார அக்கா அளவெடுக்கிற நோட்டின் பின்பக்கத்தில், யாரை எத்தனை மணிநேரம் நிற்க வைத்தார்கள், யாருடைய மருந்தை உள்ளே விடாமல் திருப்பிக் கொடுத்தார்கள் என்று தேதி போட்டு ஒரு வருஷமாக எழுதி வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது. நம்மளால ஜெயிலை இடிக்க முடியாது, பார்த்ததைப் பார்த்தோம்னு சொல்லலாம்ல, ஒருத்தி சொன்னா மனுவை நிறுத்துவான், பத்துப் பேர் சொன்னா யாரோடதை நிறுத்துவான் என்று கேட்டார். அவர் எண்ணிய பத்தாவது ஆள் நான். ஆனால் பூட்டுக்காரர் நினைப்பது போல யாரும் மாற்றவில்லை என்று நான் சொல்ல வேண்டும். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரே கையெழுத்து, அது என்னுடையது, அதில் ஒன்றுகூட வரிசையில் நின்றவர்கள் சொல்லி எழுதியது இல்லை, பயந்து எழுதியது என்று சொல்ல வேண்டும். அதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. அண்ணனை உள்ளே என்ன செய்வார்கள் என்றும் தெரியவில்லை.

உன்னிடம் இரண்டு உதவி. இளைப்புக்காரனுக்கு இரவில் மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நர்ஸாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தையல்கார அக்கா கடை முகவரிக்கு அனுப்பு. முகவரி உறையின் உள்பக்கம் இருக்கிறது. இன்னொன்று, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. நான்காம் தேதி எனக்கு வாய் வராமல் போனால் இதையே நீதிபதிக்கு அனுப்பிவிடு. பதிவேட்டில் இருக்கிற எழுத்தும் இதுவும் ஒன்றுதான், வைத்துப் பார்த்தால் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடமிருந்து போன் வராவிட்டால் நான் பேசவில்லை என்று வைத்துக்கொள்.

அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும் என்பாள், அதனால் அவள் சொன்னதை இங்கே சேர்க்கிறேன். நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, மூன்று பிள்ளைகளும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாளை நான் பார்க்க வேண்டும். மாத்திரை போட மறக்காதே.

ஒவ்வொரு கடிதத்திலும் ‘அம்மா சொல்ல எழுதியவள்’ என்று கையெழுத்துப் போடுவேன். இன்றைக்கு அப்படிப் போட முடியாது.

யாரும் சொல்லாமல் எழுதிய,
உன் தங்கை