மன்றாட்டு மைக்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே உன் நலத்தைப் பற்றி எழுது. "ஏதோ ஓடுது" என்று ஒரே வரியில் தட்டிக்கழிக்காதே. போனில் பேசினால் எனக்குப் பிரசங்கக் குரல் வந்துவிடுகிறது என்று நீ குறை சொன்ன நாளிலிருந்து ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறேன். நீதான் பதிலை இழுத்தடிக்கிறாய்.

என் பங்குக் கோயிலில் புதுத் தலைவலி ஒன்று. நானே விலை கொடுத்து வாங்கிய தலைவலி. ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகளின் மன்றாட்டு வரும் இல்லையா, எழுதி வைத்ததை நாலு பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் அரைத்தூக்கத்தில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். சொந்த வார்த்தையிலும் ஜெபிக்கட்டுமே என்று முன்வரிசைப் பக்கம் ஒரு மைக்கை நிறுத்தினேன். யார் வேண்டுமானாலும் வந்து மன்றாடலாம் என்றேன். முதலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு பிளம்பர் எழுந்தார்.

கோயிலில் எந்தக் குழாய் உடைந்தாலும் கூலி வாங்காமல் வந்து சரிசெய்கிறவர். கூலிக்குப் பதிலாக எல்லாவற்றிலும் கருத்துச் சொல்வார். அவர் மைக்கைப் பிடித்து, "ஆண்டவரே, கூரைத் தண்ணி போற குழாய்ல இலை அடைச்சிருக்குன்னு ஃபாதர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ஏணி வாங்க அவருக்கு நல்ல மனசு தாரும்" என்றார். ஜனங்கள் அன்றைக்குத்தான் தூக்கம் கலைந்து, வாய்நிறையப் பதில் சொன்னார்கள்.

அதோடு போயிற்று என் மானம். அடுத்த வாரம் பாட்டு டீச்சர் வந்து, கீபோர்டு வாசிக்கிறவர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி ஓடாமல் நிதானமாக வாசிக்க வரம் கேட்டார். கீபோர்டுக்காரர் உடனே எழுந்து, பாட்டு டீச்சருக்குப் பொறுமை வரம் கேட்டார். இன்றைக்கு என் வீட்டுச் சமையல்கார அம்மா. "ஃபாதர் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வரணும் ஆண்டவரே, ஒரே சூப்பை எத்தனை தடவைதான் சூடு பண்றது" என்று முறையிட்டார். பூசை வைக்கிறவன் நான். எல்லாரும் பதில் சொன்னதும் கையை விரித்து, இவற்றையெல்லாம் தந்தருளும் என்று நானே முடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

அந்த மைக்கை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 11, திங்கள்

தம்பிச் சாமியாருக்கு அக்கா எழுதுவது.

மைக்கைத் தொடாதே. உன் கடிதத்தைத் தையல் கடையில் தனியாக உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பட்டன் தைக்க வந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இத்தனை வருஷம் நீ பேசினாய், அவர்கள் கேட்டார்கள். இப்போது அவர்கள் பேசட்டும், நீ கேள். ஏணியும் வாங்கு. சூப்பைச் சூடாகக் குடி.

கடை ஓடுகிறது. பாவாடை இறக்குவதும் கால்சட்டை இடுப்பைப் பெரிதாக்குவதுமாகப் பொழுது போகிறது. ஊரே குண்டாகிக்கொண்டு வருகிறது, எனக்கு நல்லதுதான்.

இன்னொரு விஷயம். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. போன மாதம் அளவு டேப்பைக் கழுத்திலிருந்து உருவும்போது இடது மார்பில் கட்டி மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. கொஞ்ச நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், அது போகிற மாதிரி தெரியவில்லை. டாக்டரம்மா ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார். தெளிவாகத் தெரியவில்லை, எடுத்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்கிறார். செப்டம்பர் 4, வியாழன் காலை ஆபரேஷன்.

கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டுமாம். எனக்குப் பிள்ளையா குட்டியா. உன் மச்சான் உயிரோடு இருந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். பயம் ஒன்றும் இல்லை. இல்லை என்ன, இருக்கிறது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். புதன் மாலையே வந்துவிடு. உள் அறைக் கட்டிலில் கிடக்கிற துணி மூட்டைகளை எடுத்துவைக்கிறேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கட்டியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஊர் குண்டானதைப் பற்றி எழுத உன்னால்தான் முடியும்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அக்கா. சரியாக அந்த வியாழக்கிழமை, எங்கள் சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயர் பங்கைப் பார்வையிட வருகிறார். சும்மா வருகிற வருகை இல்லை. சாமியார்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டது. இந்தச் சின்னப் பங்கைப் பக்கத்துப் பெரிய பங்கோடு சேர்த்துவிடலாமா என்று மேலே பேச்சு அடிபடுகிறது. சேர்த்துவிட்டால் இந்தக் கோயிலில் மாதம் ஒரு பூசை கிடைத்தால் பெரிது. நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோக ஆள் இருக்காது. ஆயர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார். அந்த நாளில் பங்குச் சாமியாரையே காணோம் என்றால் என்ன நினைப்பார், நீயே சொல். தேதியை மாற்ற முடியுமா என்று அவர் அலுவலகத்தில் கேட்டேன். முடியாது என்றுவிட்டார்கள்.

உன் ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுப்பார். முடியாதென்றால், அன்று காலைப் பூசையை உனக்காகவே ஒப்புக்கொடுக்கிறேன். உங்கள் பங்குச் சாமியாரிடம் பேசி, துணைக்கு ஒருவரை அனுப்பச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் வண்டியில் நானே வந்துவிடுவேன்.

ஜெபத்துடன்,
தம்பி


ஆகஸ்ட் 23, சனி

வணக்கத்துக்குரிய சாமியாருக்கு,

ஆபரேஷனைத் தள்ளிவைக்க முடியாது. கேட்டுப் பார்க்கவும் இல்லை.

எனக்காகப் பூசை வைப்பதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். பூசை எந்தச் சாமியார் வேண்டுமானாலும் வைக்கலாம். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தம்பி எனக்கு ஒருவன்தான்.

பிளம்பருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்று போன வருஷம் நீதான் பக்கம் பக்கமாக எழுதினாய். படித்துவிட்டுப் பெருமைப்பட்டேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அன்றைக்கும் உனக்கு வேறு வேலை இருந்திருக்கும்தானே?

பக்கத்துக் கடையில் சாவி செய்கிற சாவிக்காரர், என்னைத் தங்கச்சி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறார். அதனால் அந்தக் கவலை விட்டது. கோபம் இல்லை. இப்படி நான் எழுதினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் வர வேண்டாம். அதற்குள் நான் கண்ணைத் திறந்திருப்பேன்.

அக்கா


ஆகஸ்ட் 31, ஞாயிறு மாலை

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. கையோடு கொண்டுவருகிறேன். ஏன் என்பதைப் படித்துத் தெரிந்துகொள். வாயால் சொன்னால் எனக்குப் பிரசங்கக் குரல் வந்துவிடும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எதுவும் ஓடவில்லை. ஆயர் வருகிறார் என்று ஏணி வாங்கினேன், பிளம்பர் ஏறி இலையை எடுத்தார், பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்தோம். எல்லா வேலையும் நடந்தது. சூப்பை மட்டும் சமையல்கார அம்மா தினமும் அப்படியே திருப்பி எடுத்துப் போனார். என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று மென்று விழுங்கினேன்.

இன்று பூசையில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எழுதிவைத்த மன்றாட்டுகள் முடிந்தன. மைக்குக்கு யாரும் வரவில்லை, ஆயர் வருகிற வாரம் என்று எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். நான் பீடத்தை விட்டு இறங்கி, அந்த மைக் முன்னால் போய் நின்றேன். "வியாழக்கிழமை ஆபரேஷன் செய்துகொள்ளப்போகும் என் அக்காவுக்காக மன்றாடுகிறேன்" என்றேன்.

பதில் வரவில்லை, அக்கா. கோயில் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் மறுபடி பீடத்துக்குப் போய் நின்றேன். அப்போது பிளம்பர் எழுந்து வந்தார்.

"ஆண்டவரே, எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் பண்ணினப்ப ஃபாதர் விடிய விடிய பக்கத்துல இருந்தாரு. என் சொந்தத் தம்பி வரல. இவருதான் வந்தாரு. இப்ப அவரோட அக்காவுக்கு ஆபரேஷனாம். அன்னிக்கு இவரு இங்க நின்னு ஆயருக்கு மாலை போட்டுக்கிட்டு இருக்கப் போறாராம். இது அவருக்கே நல்லா இருக்கான்னு கேளும். அவருக்குப் புத்தி தாரும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூரை அதிரச் சொன்னார்கள். பாட்டு டீச்சரும் கீபோர்டுக்காரரும் ஒரே நேரத்தில் சேர்ந்து சொன்னதை இன்றுதான் கேட்டேன்.

அடுத்து சமையல்கார அம்மா. "ஆண்டவரே, ஆயருக்குச் சமைக்கவும் எனக்குத் தெரியும், பரிமாறவும் தெரியும். ஃபாதர் இருந்து பண்றதுக்கு ஒண்ணுமில்ல. சூப் இறங்காத மனுஷனை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது. அவரை அனுப்பி வையும்." மறுபடியும் கூரை அதிர்ந்தது.

முடிவு ஜெபத்தை நான்தானே சொல்ல வேண்டும். கையை விரித்தேன். உம் மக்கள் நம்பிக்கையோடு கேட்கிறவற்றைத் தந்தருளும் என்று சொல்ல வேண்டிய இடம். இருபத்திரண்டு வருஷமாக வாய்ப்பாடு மாதிரி சொல்லிவந்த வார்த்தை. அழுதேன், அக்கா. பீடத்தில் நின்றுகொண்டு, மைக் போட்டபடியே அழுதேன். ஜனங்களே எனக்காக "ஆமென்" சொல்லி முடித்தார்கள்.

நீ கேட்டபோதே நான் கிளம்பியிருக்க வேண்டும். பங்கைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை மாலை இதை உன் கையில் கொடுப்பேன். சாவிக்காரரிடம் நன்றி சொல்லிவிடு. கையெழுத்தை நான் போடுகிறேன்.

உன் தம்பி


செப்டம்பர் 9, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ரொட்டியை வண்டியிலேயே தின்றுவிட்டேன். தையல் போட்ட உடம்போடு எழுந்து ரொட்டி கட்டினதற்கு உன்னைத் திட்ட வேண்டும், பசியில் மறந்துபோயிற்று.

ஆயர் வந்த கதையைக் கேள். "உங்க ஃபாதர் எங்கே?" என்று இறங்கியதும் கேட்டிருக்கிறார். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே அழைத்துப் போய்விட்டார்களாம். பூசையில் மன்றாட்டு நேரம் வந்ததும் பிளம்பர் மைக்குக்குப் போய், "ஆண்டவரே, ஆயர் கேட்டதுக்கு உம்மகிட்டயே சொல்லிடறேன். ஃபாதர் அவரோட அக்கா பக்கத்துல இருக்காரு. நாங்கதான் போகச் சொன்னோம். குத்தம்னா எங்க மேல போடும்" என்றாராம். யாரும் வாயைத் திறப்பதற்குள், ஆயரே முதலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொன்னாராம். மதியம் சமையல்கார அம்மாவிடம் சூப் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

நேற்று போனில் கூப்பிட்டார். முதலில் உன்னைப் பற்றித்தான் விசாரித்தார். பிறகு, "நீ இல்லாமலேயே அங்க எல்லாம் நடக்குதே" என்றார். சாமியாரே வேண்டாம் என்று எழுதப்போகிறார் என்று நினைத்தேன். "இப்படி ஒரு பங்கைக் கொண்டுபோய் எதோட சேர்க்கிறது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொஞ்ச காலத்துக்குத் தொடமாட்டார் என்று நினைக்கிறேன்.

சோதனை முடிவு வந்ததும், என்னவாக இருந்தாலும், முதல் வரியில் எழுது.

உன் தம்பி


செப்டம்பர் 17, புதன்

தம்பிக்கு,

கெட்ட கட்டிதானாம். முதல் வரியில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், முழுவதும் எடுத்தாகிவிட்டது, பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். அடுத்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மருந்து ஏற்ற வேண்டுமாம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, சில மாதங்களுக்கு. முடி கொட்டும் என்றார். கொட்டட்டும், நானே தொப்பி தைத்துக்கொள்வேன். ராத்திரி அழுதேன், காலையில் கடையைத் திறந்தேன். சாவிக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு நான் கண்ணைத் திறந்தபோது நீ நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். நர்ஸ் வந்து, "யாரு இது, காலையிலிருந்து இந்த இடத்தை விட்டு நகரமாட்டேங்கறாரு" என்று கேட்டார். என் தம்பி என்றேன். சாமியார் என்று சொல்லவில்லை. நீ விட்ட குறட்டைக்கு, சொன்னாலும் அவர் நம்பியிருக்கமாட்டார். உன்னை எழுப்பாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் மருந்து அக்டோபர் 8, புதன்கிழமை. நான் கூப்பிடாமலே நீ வருவாய் என்று தெரியும். ஆனாலும் எதற்கும் பிளம்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை.

உன் அக்கா