டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்த துணி போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாளே இந்தக் கிழவி என்று நினைத்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் மழை, முழங்கால், காய்கறி விலை என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். நீயும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. கூட வேலை பார்க்கிற அந்த மனிதர் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார், "அத்தை, நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். முப்பத்தொரு வருடம் ஆபீசில் டைப் அடித்தவள் நான். ஒரு தாளை வீணாக்கினால் மேனேஜர் பார்க்கும் பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து ஆறு தாள் கிழித்தேன். இது ஏழாவது. இதில் புல்வெட்டும் மெஷினைப் பற்றித்தான் நிறைய இருக்கும். பொறுமையாகப் படி.

பின்பக்கத்துப் புல் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "உங்க வீட்டுப் புல்லுல யானையே ஒளிஞ்சுக்கலாம்" என்றாள். ஆள் வைத்து வெட்டக்கூடாதா என்றும் கேட்டாள். வீட்டிலேயே மெஷின் இருக்கும்போது ஆள் எதற்கு என்று வாய்ச்சவடால் அடித்து அனுப்பிவிட்டேன். சொன்ன சொல்லுக்காகவாவது அதை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. கொட்டகை மூலையில் என் பிள்ளையின் மழைக்கோட்டுக்கு அடியில் நின்றிருந்தது. நீ போர்த்திவிட்டுப் போன கோட்டுதான். கயிற்றைப் பிடித்து இருபத்திரண்டு முறை இழுத்தேன். மெஷின் ஒரு இருமல்கூட இருமவில்லை. என் தோள்பட்டைதான் மூன்று நாள் முனகியது.

தெருமுனையில் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவரை உனக்கு நினைவிருக்கும். எல்லோரும் ஸ்பீக்கர் என்று கூப்பிடுவார்களே, அவர்தான். இரைச்சலிலேயே வேலை பார்த்துக் காது மந்தமாகி, ஊரே செவிடு என்று நினைத்துக் கத்துகிறவர். அவரை அழைத்துவந்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், குறையில்லை. டேங்க் மூடியைத் திறந்து மோந்தார். "இது பெட்ரோலே இல்லம்மா, வார்னிஷ். எத்தனை நாளா கிடக்கு?" என்று கேட்டார். இரண்டு வருடம் நாலு மாதம் என்றேன். கேட்டிருந்தால் தேதிகூடச் சொல்லியிருப்பேன். கொட்டிவிட்டு வேறு ஊற்ற வேண்டும் என்றார். கொட்டக்கூடாது, இதை வைத்துக்கொண்டே ஓட வையுங்கள் என்றேன். அவர் டேங்க் மூடியையே திருகிக்கொண்டு நிற்கவும், காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் கத்திச் சொன்னேன். விழுந்துதான் இருக்கிறது. "மெஷினைக் கெடுத்ததே இதுதாம்மா" என்றார். அந்த மனிதர் வாழ்நாளிலேயே மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில், நீங்கள் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

அது அவன் ஊற்றிய பெட்ரோல். அந்தச் சனிக்கிழமை கேனில் வாங்கிவந்து கழுத்துவரை ஊற்றினான். பாதித் தோட்டத்தை வெட்டியிருந்தான். வெயில் ஏறுகிறது, சாப்பிட வாடா, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனவனை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம். உனக்குத் தெரியாததையா எழுதுகிறேன்.

அவன் சட்டைகளையும் செருப்புகளையும் நீ எடுத்துக் கொடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், "அத்தை, ரொம்ப நாள் ஓட்டாம வைக்கிறதுன்னா பெட்ரோலைக் காலி பண்ணிடணும்னு அவர் சொல்வாரு. வடிச்சுடட்டுமா?" என்று கேட்டாய். எரிந்து விழுந்தேன். உனக்கு எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டேன். நீ மழைக்கோட்டை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டு உள்ளே போனாய். அன்றைக்குச் சொன்ன வார்த்தை இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நீ போனபிறகு வாரம் தவறாமல் கொட்டகைக்குப் போய், டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்ப்பேன். ஆவியாகப் போய்விடக்கூடாதே என்ற கவலை. மண்ணெண்ணெய் மாதிரி வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஸ்பீக்கரை விரட்டிவிட்டு நாலு நாள் வீம்பாக இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் நானே குழாயைப் பிடுங்கி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்தேன். பழுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. மோந்து பார்த்தேன். சனிக்கிழமைகளில் அவன் சட்டையில் அடிக்கும் வாசனை அதில் இல்லை. பழைய பெயிண்ட் டப்பா நாற்றம்தான் இருந்தது. கொட்டகைப் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து முகம் கழுவி, பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொன்னேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் வந்து கார்புரேட்டரைக் கழற்றினார். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்தேன். டைப்ரைட்டரைக் கழற்றிப் பூட்டிய கை அல்லவா. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். உள்ளே ஊசிமுனை அளவு ஒரு துளை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் போக வேண்டுமாம். அதில் பிசின் இறுகி அடைத்திருந்தது. பழைய ஒயரைப் பிரித்து, ஒற்றைச் செம்புக் கம்பியை விட்டுக் குடைய வேண்டும். அவருக்கு விரல் தடிமன், எனக்குக் கண் மங்கல். அவர் பார்த்துப் பார்த்துச் சொல்ல நான் குடைந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நீ அன்று கேட்டது ஐந்து நிமிட வேலை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தேன். நாலாவது இழுப்பில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஸ்பீக்கர் கையை ஆட்டி என்னவோ கத்தினார். அவர் கத்தி எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

அவ்வளவு உயரப் புல்லை மெஷின் தாங்காது என்றதால், இரண்டு நாள் காலையில் அரிவாளால் அரிந்தேன். மூன்றாம் நாள் மெஷினை ஓட்டினேன். அவன் நிறுத்திய இடம் எது என்று தேடிப் பார்த்தேன். முதலில் கொஞ்ச நாள் கோடு போட்ட மாதிரி தெரிந்துகொண்டிருந்தது, உனக்கும் நினைவிருக்கும். இத்தனை நாள் வளர்ந்ததில் இரண்டு பாதியும் ஒன்றாகிவிட்டன. எனக்குத் தெரியவில்லை. சுவர் ஓரம்வரை வெட்டி முடித்து மெஷினை நிறுத்தினேன். நிறுத்தியதும் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. சாப்பிட வா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். மீதிப் பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் போனேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் சம்மதம் என்று சொல்லிவிடு. முழுமனதாகச் சொல்கிறேன் என்றால் பொய். ஐந்து வாரத்தில் எவ்வளவு மனது வந்ததோ அவ்வளவோடு சொல்கிறேன், மீதியும் வந்து சேரும். என் பயம் அவனை நீ மறந்துவிடுவாய் என்பதல்ல. நீ மறக்கமாட்டாய், எனக்குத் தெரியும். நீ இன்னொரு வீட்டு மருமகளாகிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான். அதற்காகத்தான் உன்னைக் காக்க வைத்தேன். மன்னித்துக்கொள்.

அவருக்குத் தாயார் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களை அத்தை என்றுதான் கூப்பிடுவாய். கூப்பிடு, அதுதான் முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் என்னையும் அத்தை என்றே கூப்பிடு. மரியாதைக்காக வேறு எதற்கும் மாற்றிவிடாதே.

இவராவது நீண்ட ஆயுசோடு கடைசிவரை உன் கூட இருக்கட்டும். இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
என்றும் உன் அத்தை