சத்தமில்லாமல் பார்த்த ஹாங்காங் படங்கள்

இன்று காலை, நீ என்னிடம் கொடுத்துவைத்திருந்த துணிப்பையைப் பரணிலிருந்து இறக்கி, மேலே இருந்த பட டிஸ்க்கின் உறையைத் திறந்தேன். பற்பசை வாசனை வந்தது. நிஜமாகவே வந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. கீறல் விழுந்த டிஸ்க்கில் விரல் நுனியால் பற்பசையைத் தடவி, உன் வீட்டுக்காரரின் பழைய பனியன் துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாயே, அந்த வாசனை. "இன்னாடி சிரிக்கிற? பல்லு வெள்ளையாவுது, இது ஆவாதா?" என்று கேட்பாய். பாதிக்குப் பாதி ஆகவும் செய்தது.

பையை இறக்கியதற்குக் காரணமே உன் வீட்டுக்காரர்தான். நீ போனதிலிருந்து அண்ணன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. உன் மகன் பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டான், அசையவில்லை. அப்படிப்பட்டவர் போன வாரம் போன் செய்தார். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. "அவ பாக்குற சீனாப் படத்துல ஒண்ணு எனக்குக் காட்டுங்கம்மா. ஞாயித்துக்கெழம மதியானம் வரேன்" என்றார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியை உன்னிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். நீ அளந்து பார்த்துப் பதில் சொல்வாய். நான், பார்த்துச் சொல்கிறேன் அண்ணே என்று போனை வைத்துவிட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். உன் படங்களை அவர் "குஸ்திப் படம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தப்பான படத்தைக் காட்டிவிட்டால் கால் மணி நேரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இத்தனை வருஷம் இவள் இந்தக் கூத்தையா பார்த்தாள் என்று நினைத்துவிட்டால், மறுபடி கேட்கவே மாட்டார். உன்னைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டது இந்த ஒன்றுதான். அதை நான் கெடுத்துவிடக் கூடாதே என்று வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

நம் குவார்ட்டர்ஸ் நாட்களை நினைத்துக்கொண்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அண்ணனுக்கு மைன்ஸில் நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் உன் வீட்டுக்கு வாய்ப்பூட்டு. காலையில் வந்து குளித்துப் படுத்தாரென்றால் மதியம் வரை ஒரு டம்ளர் கீழே விழக் கூடாது. அந்த வாரம் முழுக்க உன் குக்கர் எங்கள் அடுப்பில்தான் விசில் அடிக்கும். நைட் ஷிஃப்ட் பார்க்கும் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றாலும், அந்த மௌனத்தைப் பயன்படுத்திச் சினிமா பார்த்தவர்கள் பிளாக்கிலேயே நாம் இரண்டு பேர்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த உன் தம்பி பிளேயரையும் ஒரு பை நிறைய டிஸ்க்கையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் பார்க்க வழியில்லை. மாமனார் டி.வி.க்கு எதிரே செய்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் உன் ஹாலில், படுக்கையறை வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம், சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பார்த்தோம். கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். பொறுக்க முடியாமல் நீதான் ஒருநாள் குசுகுசுவென்று வசனம் பேச ஆரம்பித்தாய். அதன் பிறகு போலீஸ் எல்லாம் நீ, திருடன் எல்லாம் நான். ஹாங்காங் இன்ஸ்பெக்டர் உன் நெல்லிக்குப்பத்துத் தமிழில், "இன்னா, கரும்பு லோடு மாதிரி ரோட்ட அடைச்சிகினு நிக்கிற?" என்று அதட்டுவார். என் திருடன் என்னைப் போலவே மதுரைக்காரன், "இந்தா வாரேன் சார், கோவப்படாதிய" என்பான். சிரிப்பை அடக்க நீ முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாய்.

அண்ணன் பகல் ஷிஃப்டுக்குப் போகும் வாரத்தில் அதே படத்தைச் சத்தத்தோடு போடுவோம். அந்த டிஸ்க்குகளில் ஒரு பக்க ஸ்பீக்கரில் மாண்டரின் சீனம் வரும், இன்னொரு பக்கத்தில் ஹாங்காங்காரர்கள் பேசுகிற கான்டனீஸ் வரும். எது எது என்று உன் தம்பி போனில் சொல்லிக்கொடுத்திருந்தான். நீ கான்டனீஸ் பக்கத்தை மட்டும்தான் வைப்பாய். "வாயும் சத்தமும் எதுல பொருந்துதுன்னு பாரு. கடைசியில இழுத்து வுடுறாங்க பாரு, மார்க்கெட்ல மீன் வாங்குறவ வெல கேக்குறா மாதிரி" என்பாய். டப்பிங்கில் பார்த்தவர்களை நீ பார்த்தவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சீனாப் படம் என்றால் கோபம் வரும், ஹாங்காங் படம் என்று திருத்துவாய்.

புதிதாக வருகிறவர்களுக்கு எந்தப் படம் என்று நீ முடிவு செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காப்பி கொடுத்து, சீரியல் பார்ப்பாயா, அழுவாயா, ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் பையில் கை விடுவாய். வாளோடு பறக்கிற வீரர்களை முதலில் காட்டவே கூடாது என்பது உன் கட்டளை. "பறக்கறவன மொதல்ல காட்டுனா சிரிச்சிட்டு எழுந்து பூடுவாங்க. கீழ வுழறவன காட்டு. அடி வாங்குறவன் மேல நம்பிக்கை வந்துடுச்சின்னா அப்புறம் அவன் பறந்தாலும் ஒத்துக்குவாங்க." கதை வேண்டாதவர்களுக்குச் சந்தைச் சண்டைப் படம். அதில் கதாநாயகன் குடை, கூடை, ஏணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்துச் சமாளிப்பான். அடிப்பவனும் அடிபடுபவனும் ஒரே காட்சியில் தலை முதல் கால் வரை தெரிவார்கள், கேமரா ஏமாற்றாது. சீரியல் பார்ப்பவர்களுக்கு அண்ணன் திருடன், தம்பி போலீஸ் வகை. திருடர் கூட்டத்தில் ஒளிந்து வாழும் போலீஸ்காரன் படங்களை மட்டும் யாருக்கும் சீக்கிரம் கொடுக்க மாட்டாய். யார் நல்லவன் என்று கடைசி வரை தெரியாமல் தவிக்க ஒரு பக்குவம் வேண்டும் என்பாய்.

ஒரே ஒரு முறைதான் சறுக்கினாய். அடுத்த தெருவுக்குக் கல்யாணமாகி வந்த பெண், எனக்கு எதுவும் பயமில்லை அக்கா என்று சொன்னதை நம்பித் துப்பாக்கிப் படத்தை எடுத்தாய். நண்பன் நண்பனுக்காகக் குண்டு வாங்கிச் சாகிற இடத்தில் அவள் விம்மி அழ, உள்ளே அண்ணன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்க, நாம் இரண்டு பேரும் அவளைத் தூக்காத குறையாக எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாமனார் செய்தியை நிறுத்திவிட்டு, யார் செத்தது என்று கேட்டார்.

ரிட்டயர்மென்ட் வந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம், டவுன்ஷிப்புக்கு வெளியே ஆளுக்கொரு வீடு கட்டினோம். பிளேயர் என்றோ உயிரை விட்டுவிட்டது. டிஸ்க் உறைகளைப் பார்த்துப் படத்தின் பெயரைக் கண்டுபிடித்து, என் மகனிடம் சொல்லி டி.வி.யில் வரவழைத்தேன். சந்தைச் சண்டைப் படம்தான், கான்டனீஸில்தான். கதை கேட்கப் பொறுமையில்லாத மனிதருக்கு நீ இதைத்தான் எடுத்திருப்பாய் என்று என்னையே தைரியப்படுத்திக்கொண்டேன்.

அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல. முதல் சண்டை வந்தது. குடை வந்தது, ஏணி வந்தது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. நான் படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் துண்டைக் கையில் எடுத்தார்.

"இது இல்லம்மா."

"இதேதான் அண்ணே. இத நாங்க எத்தன தடவ பாத்திருக்கோம்."

"அவ பாத்தது இது இல்ல" என்றார். என்னவோ தேடுவது போல டி.வி.யைப் பார்த்தார். "சத்தத்த நிறுத்துங்க."

நிறுத்தினேன். திரையில் ஏணி சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப பேசுங்க" என்றார்.

"என்னண்ணே பேச?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிகினு இருப்பீங்களே. நைட் ஷிஃப்ட் முடிஞ்சி படுத்தா எனக்கு எங்க தூக்கம் வந்துது? நடுவுல ஒரு தெரதான. கண்ண மூடிகினு கேட்டுகினு கெடப்பேன்."

எனக்குக் காது வரை சூடேறியது. அந்த ஹாலில் நாம் பேசாத பேச்சா? போலீஸ் கமிஷனருக்கு அவர் குறட்டையைச் சேர்த்துப் பேசியிருக்கிறோம், அவர் நடையைக்கூட விட்டு வைக்கவில்லை. சுதாரித்துக்கொண்டு கேட்டேன், "தொல்ல பண்றோம்னு எங்கள ஒருநாளு அதட்டியிருக்கலாமே அண்ணே."

"அதட்டுனா நிறுத்திடுவீங்களே" என்றார்.

உனக்கு அது தெரியுமா? தெரிந்தேதான் பேசினாயா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அன்றைக்கே சுவரைத் தட்டி என்னிடம் சொல்லியிருப்பாய்.

படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினேன். என் திருடனைப் பேச வைத்தேன். அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். "இப்பயாவது கண்ணத் தொறந்து படத்தப் பாருங்க அண்ணே" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தார். திருடன் அடிபட்டுப் படிக்கட்டில் உருண்டு விழுகிற இடம் வந்தது. போலீஸ்காரன் மூச்சு வாங்க அவன் பக்கத்தில் வந்து நிற்பான். அது உன் இடம். உன் வசனம் எனக்கு நினைவில்லை. என்னத்தையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எழுந்துருடா" என்றார் அண்ணன், உன் குசுகுசுப்பில், உன் இழுப்பில். "உங்கம்மா சோத்த போட்டுகினு உக்காந்துகினு இருப்பா."

திரையில் அந்தப் போலீஸ்காரனின் வாய் அப்போதுதான் மூடியது. அவ்வளவு பொருத்தம். நான் அழுதேன், பிறகு சிரித்தேன், அவரும் சிரித்தார். துண்டு அவர் மடியிலேயே கிடந்தது. படம் முடியும் வரை எழுந்திருக்கவில்லை. உன் வசனம் ஒன்றையும் அவர் விடவில்லை, நான் மறந்ததைக்கூட.

நீ போன பிறகு சில மதியங்களில் இந்தப் படங்களில் ஒன்றிரண்டை மகனிடம் சொல்லி டி.வி.யில் வரவழைத்து, தனியாக உட்கார்ந்து போலீஸையும் நானே பேசிப் பார்த்தேன். மதுரைத் தமிழ்தான் வந்தது. உன் பங்கு என்னோடு தொலைந்துவிடும் என்று நினைத்து அதைப் பிடித்துவைக்கப் பாடுபட்டேன். இனி அந்தப் பாடு இல்லை. நான் திருடனை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். உன்னுடையது எல்லாம் உன் வீட்டிலேயே இருந்திருக்கிறது.