குடத்தில் போட்ட இரும்புக்கசடு

8.6.2009, திங்கள்
காலையிலேயே அனல். சிதம்பரம் பஸ்ஸில் நின்றபடி. கண்டக்டர்: "புதுச்சத்திரம் நிக்காது, ஏறாத!"
லேபில் ஸ்லாக் இடித்துச் சலித்தேன். இரும்பு உருக்கும்போது ஒதுங்கும் கசடு, ஆலைகள் கொட்டிவிடுவது. தும்மினால் சாம்பல்.
என் ஆராய்ச்சியே இதுதான்: தண்ணீரில் கலந்த குரோமிய விஷத்தை இந்தக் குப்பை எடுத்துவிடுமா? சோதனை மருந்து விட்டால் குரோமியத் தண்ணீர் ஊதாவாகும்.
சும்மா பார்ப்போமே என்று எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரிலும் விட்டேன். ஊதா.
என் மகள், பாப்பா, நாலு வருஷமாகக் குடிக்கும் தண்ணீர்.

9.6
வீட்டுக்காரர் சேகர் மாமாவிடம் சொன்னேன். பின்னிக்கொண்டிருந்த மீன்வலையை அப்படியே வைத்துவிட்டார். "காய்ச்சிக் குடுத்தா?" போகாது என்றேன். பாப்பாவுக்குக் கேன் தண்ணீர்.
வாங்க: ஊதுபத்தி, பாப்பா செருப்பு, வடிதாள்.

10.6
பம்புத் தண்ணீரில் ஸ்லாக் போட்டு மெஷினில் ரெண்டு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, மருந்து விட்டேன். நிறமே வரவில்லை! மறுபடி. மறுபடி. கசடு போடாததில் மட்டும் அதே ஊதா. யாரும் சீந்தாத கல்லு, அம்மாடி, என்னமாய்ப் பிடித்து வைத்துக்கொள்கிறது! கைடு மேடம் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட மறந்தேன்.

11.6
மாமாவுக்குக் காட்ட ஒரு பொட்டலம் ஸ்லாக் கொண்டுபோனேன். வாய் ஓயவில்லை எனக்கு. சமையல் மேடையிலேயே வைத்துவிட்டுத் தூங்கினேன். புத்தி கெட்டவள்.

12.6, வெள்ளி
காலையில் பம்புத் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் குடத்தின் அடியில் சாம்பல் கல். கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டை போடுகிற மாதிரி ராத்திரியே போட்டிருக்கிறார் மாமா.
"பாப்பா குடிச்சாளா?" கத்திவிட்டேன்.
"மொதல்ல நான் ஒரு வாய் குடிச்சேன். சவுக்காரமா வழவழன்னு இருந்துச்சு. அதான் அவளுக்குத் தரல."
உயிர் வந்தது. கசடில் சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. தண்ணீரைக் காரமாக்கிவிடும். சொல்லவேயில்லையே நான்.
ஒரு பாட்டில் பிடித்து லேபுக்கு ஓடினேன். பி.எச். பதினொன்று. குடிக்கவே கூடாது. மருந்து விட்டேன். ஊதா இல்லை. குலுக்கும் மெஷின் இல்லை, அளவு இல்லை, என் மாமா கையால் அள்ளிப் போட்டது! சிரித்தேன், அழுதேன், இரண்டும்.
காரத்தை இறக்க வழி வேண்டும். மேடம்: "ஆறு மாசமாவது ஆகும்மா."

வீடு திரும்பினால் மாமா முகமெல்லாம் சிரிப்பு. "தெருவுக்கே சொல்லிட்டேன் வசந்தி. பம்பு தண்ணில வெஷம், என் பொண்டாட்டி கல்லு கண்டுபுடிச்சிருக்கான்னு."
வாசலில் ஏழு குடம். பக்கத்தில் ஏழு பேர். எல்லார் வீட்டிலும் பிள்ளைகள்.
"அண்ணி, ஒரு கை கல்லு குடுங்க."
இதை எழுதிவிட்டு எழுந்து போய், இந்தக் கல்லும் இன்னும் ஆகாது என்று சொல்ல வேண்டும்.